கேட்பது போல் ஒரு காணொளி

இணையவழிக் கற்பித்தலில் பல்லூடகத்தைப் பயன்படுத்துவது எப்படி என்று, உங்கள் பயிற்சிக்கு வரும் புதிய தமிழாசிரியர்களுக்கு நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். எந்தச் செயலி நல்லது, ஒலிவாங்கியை எங்கே வைப்பது, முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளே என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவார்கள். என்னால் சொல்ல முடிந்தது, எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்பதைத்தான். அந்தத் துறையில் எனக்கு ஆழ்ந்த அனுபவம் உண்டு.

பெருந்தொற்றின் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நான் பணி ஓய்வுக்கு மிக அருகில் இருந்தேன். இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி கற்பித்துக்கொண்டிருந்தேன். உலு திராமில் வீடு. சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. முதல் மாதம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒலியை மூடிவைத்துக்கொண்டு முழுப் பாடத்தையும் நடத்தி முடித்திருக்கிறேன். கேமராவை நெற்றிக்கு மட்டும் காட்டியபடி ஒரு வாரம் பாடம் எடுத்திருக்கிறேன். மாணவர்கள் எனக்கு "நெத்தி சார்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

என்னைக் கரை சேர்த்தவர் எங்கள் பள்ளியின் கணினி ஆசிரியை. என் வயதில் பாதிகூட இருக்காது. பொறுமைசாலி, ஆனால் நாக்கு மட்டும் கொஞ்சம் கூர்மை. கேமரா படத்துக்குப் பதிலாக நாம் முன்பே எடுத்துவைத்த காணொளியை ஓடவிட ஒரு வழி உண்டு என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். பாடத்துக்கு நடுவே படம் காட்ட வேண்டுமானால் உதவும் என்றார்.

"சார், இத வெச்சி நீங்க பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் நல்ல வீடியோ காட்டலாம்."

நான் காட்டினேன். என்னையே காட்டினேன்.

நடந்தது இதுதான். ஒரே பாடத்தை மூன்று வகுப்புக்கு எடுக்க வேண்டியிருந்தது. முதல் வகுப்புக்கு நேரடியாக எடுப்பேன். அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு மற்ற இரண்டு வகுப்புக்கும் ஓடவிடுவேன். "முதல் தடவைதானே உற்சாகமாகச் சொல்கிறோம், அந்த உற்சாகம் எல்லாருக்கும் கிடைக்கட்டுமே" என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்குச் சோம்பல் வந்தால் அதற்கு ஒரு கல்விக் கோட்பாடும் கூடவே வந்துவிடும்.

வணக்கம் சொல்வேன், பிள்ளைகள் சேர்ந்து பதில் வணக்கம் சொல்வதற்கு அளவாக இடைவெளி விடுவேன். "புரிகிறதா?" என்று கேட்டு இரண்டு நொடி புருவத்தை உயர்த்திக் காத்திருப்பேன். "நல்லது" என்பேன். ஒரு பதிவின்போது எங்கள் வட்டாரத்தில் அடைமழை. "மழைச் சத்தத்துக்கு மன்னிக்கணும்" என்று அதில் சொல்லியிருந்தேன். அந்தப் பதிவு நன்றாக அமைந்துவிட்டதால் அதைப் பலமுறை ஓட்டினேன். வெளியே தார் உருகும் வெயில். என் வகுப்பில் மட்டும் மழை.

பிள்ளைகள் கண்டுபிடிக்க மாட்டார்களா? இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அது எனக்குத்தான் தெரியாது. அவர்கள் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். "சார், உங்க தலையில பல்லி!" என்று ஒருவன் சொன்னான். திரையில் இருந்த நான் புன்னகைத்து, "மிகச் சரி" என்றேன். "சார், வீட்டுல தீப்பிடிச்சிருச்சி!" என்றாள் ஒருத்தி. "அருமை. இதையே மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்" என்றேன். இதையெல்லாம் திரையிலிருந்து பதிவு செய்து தங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு ரசித்தார்கள். பிறகு அவர்களும் தங்கள் படத்தை மாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். அசையாத பிள்ளைகளுக்கு அசையும் படம் பாடம் நடத்தியது. சொல்லப்போனால் அந்த வகுப்பில் ஒழுங்குப் பிரச்சினையே இல்லை.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

பள்ளியிறுதி வகுப்பான ஐந்தாம் படிவத்துக்குப் பேச்சுத் தேர்வு நெருங்கியது. ஒத்திகை வைக்க வேண்டும். ஒவ்வொருவராகப் பேச, நான் கேட்டுக் குறிப்பெழுத வேண்டும். எல்லாரும் பேசுவதை வகுப்புச் செயலியே பதிவு செய்துவிடும் என்று தெரிந்ததும் எனக்குள் அந்தப் பழைய கோட்பாடு விழித்துக்கொண்டது. பிறகு கேட்டுக்கொண்டால் போயிற்று. இப்போது யாராவது கேட்பது போல் இருந்தால் போதும்.

அதற்காகவே ஒரு தனிக் காணொளி எடுத்தேன். என் பணிக்காலத்தில் நான் மிகுந்த உழைப்பைக் கொட்டிய பல்லூடகப் படைப்பு அதுதான். மூக்குக் கண்ணாடியைச் சற்று இறக்கி, தலையைச் சாய்த்து, நான் கேட்கிறேன். "ம்" என்கிறேன். எதையோ குறித்துக்கொள்கிறேன். வெறும் தலையாட்டல் செயற்கையாகத் தெரியும் என்று மூன்று இடங்களில் "கொஞ்சம் சத்தமா பேசுங்க, கேக்கல. மறுபடியும் முதல்லேருந்து" என்று சேர்த்தேன். எந்த வகுப்பிலும் மெதுவாகப் பேசும் பிள்ளை ஒன்றாவது இருக்கும் அல்லவா? முடிவில், "பரவாயில்ல, இன்னும் பயிற்சி வேணும். அடுத்தவர்." இதுவும் எல்லாருக்கும் பொருந்தும்.

ஒத்திகை அன்று காலை அந்தக் காணொளியை ஓடவிட்டுவிட்டு, தெருச் சந்திப்பில் நின்ற டுரியான் பழ லாரிக்குப் போனேன். பழத்தைக் குலுக்கிப் பார்த்தேன், முகர்ந்தேன், வியாபாரியிடம் வாதாடினேன். அவன் சொன்னதை ஒவ்வொரு சொல்லாகக் கவனித்துக் கேட்டேன்.

ரெபேக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். குரலே எழும்பாத பெண். பெயர் கூப்பிட்டால்கூட உதடு அசைவதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். தேர்வுக்குத் தமிழ் எடுத்தால் ஏ தேர்ச்சி கிடைக்காது என்று உறவுக்காரர்கள் எல்லாரும் தடுத்தார்கள். அவள் தயங்கினாள். "நீ எடு. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிச் சேர்த்தவன் நான்தான். தாய் இல்லாத வீடு. தகப்பனார் தம்போயில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறையில் வேலை செய்தார். அவருடைய கைத்தொலைபேசியில்தான் அவளுக்கு வகுப்பு. அதனால் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் இல்லை. வகுப்பு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த விஷயம் தெரியாத ஒரே பிள்ளை அவள்.

முதலில் பேசியவளும் அவள்தான். மற்றவர்கள் வேண்டுமென்றே பின்வாங்கியிருக்கிறார்கள்.

மூன்று நாள் கழித்து அவள் தகப்பனார் அழைத்தார்.

"சார், தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. ரெபேக்கா அப்பா பேசறேன். பிள்ள கிளாஸுக்கு உக்கார மாட்டேங்குது சார். தமிழே வேணாங்குது."

"ஏன், என்ன ஆச்சி?"

"அன்னைக்கி பேச்சுப் பரீட்சைக்குப் பழக்கம்னு சொன்னிச்சி. கண்ணாடியெல்லாம் பேப்பர் ஒட்டி ஒரு கார் நின்னுச்சி, ஸ்ப்ரே அடிக்கறதுக்கு. சத்தம் வராதுன்னு அதுக்குள்ள உக்கார வெச்சேன். மொதலாளி தவுக்கேகிட்ட கேட்டு கம்ப்ரெசரையும் நிறுத்திட்டேன் சார். எல்லாரும் கைய கட்டிக்கிட்டு நின்னோம். பிள்ள பேசிச்சி. நீங்க சத்தமா பேசச் சொன்னீங்க. பேசிச்சி. மறுபடியும் சொன்னீங்க. மூணாவது தடவ கத்திருச்சி சார். எங்க பிள்ள அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல. பக்கத்துக் கடைக்காரனே எட்டிப் பாத்தான். அப்பறம் நீங்க, இன்னும் பயிற்சி வேணும்னு..."

அந்த மூன்று இடங்களும் காணொளியில் எங்கே வருகின்றன என்று எனக்கு நொடிக் கணக்கில் தெரியும்.

இளைய நண்பர்களே, நெருக்கடியில் எடுக்கும் முடிவைப் பற்றிப் பயிற்சிகளில் நிறையச் சொல்வார்கள். என் முடிவு ஒரு மூச்சு நேரத்தில் பிறந்தது. "லைன் பிரச்சினைங்க. எனக்குச் சரியா கேக்கல" என்றேன்.

"அப்படியா சார்?" அவர் குரலில் நிம்மதி. "அப்ப எங்க லைன்தான் சார் கோளாறு. இங்க எப்பவும் இப்படித்தான் லா. மன்னிச்சிருங்க சார். உங்களுக்குத்தான் செரமம்."

அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பெருந்தன்மையாக, "பரவாயில்ல" என்றேன்.

அடுத்த வகுப்பிலிருந்து காணொளியை நிறுத்திவிட்டேன். நேரடியாகவே வந்தேன். ரெபேக்காவும் வந்தாள். பட்டறை முதலாளியின் அறையில் அவளை உட்காரவைத்திருந்தார்கள். அவள் பெயரைச் சொல்லிப் பேசச் சொன்னேன். முகம் அசையவில்லை. உரையாடல் பெட்டியில் ஒரு வரி வந்தது: "லைன் பிரச்சினை சார்." இன்னொரு கேள்வி கேட்டேன். அதே வரி. அடுத்த வாரம் வகுப்புக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கு ஆசிரியர்கள் மட்டும் முறைவைத்து வரத் தொடங்கியிருந்த நேரத்தில், என் மேசைக்கு ஒரு படிவம் வந்தது. தேர்விலிருந்து தமிழ்மொழியை நீக்கிக்கொள்ளும் விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் தகப்பனார் மலாயில் எழுதியிருந்தார்: இணைய வசதி சரியில்லை. அதன் கீழே, மேற்கண்ட காரணம் உண்மையென உறுதிப்படுத்துகிறேன் என்று அச்சிட்ட வரி. அதற்கும் கீழே பாட ஆசிரியர் கையெழுத்திட ஒரு கோடு. அன்று மாலைக்குள் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும்.

நான் கையெழுத்துப் போட்டேன். மறைக்க மாட்டேன். போடும்போது ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்தப் பெண் போய்விட்டால் விஷயமும் போய்விடும்.

எதிர் மேசையிலிருந்த கணினி ஆசிரியை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேனா நல்லா எழுதுதா சார்?"

"ஏன் டீச்சர்?"

அவர் எழுந்து வந்து தன் கைத்தொலைபேசியை என் முன் வைத்தார். ஒத்திகையின் பதிவு. யாரோ திரையிலிருந்து எடுத்தது. ஒரு கட்டத்தில் நான் தலையாட்டுகிறேன். இன்னொரு கட்டத்தில், இருட்டான காருக்குள் அந்தப் பெண், கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறாள். கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக ஓடுகின்றன. அவள் பேசி முடித்து மூச்சு வாங்கும்போது நான், "ம்" என்கிறேன்.

"எத்தன நாளா இது உங்ககிட்ட இருக்கு?" என்றேன்.

"நேத்துதான் வந்துச்சி. மெல்லமா பேசற பிள்ளைக்கு நீங்க நேர்ல இருந்தா என்ன செய்வீங்க சார்?"

"மத்தவங்கள அமைதியா இருக்கச் சொல்லுவேன். பக்கத்துல போய் நின்னு கேப்பேன்."

"ம். அந்த பட்டன் இதுல இல்ல." தொலைபேசியை எடுத்துக்கொண்டார். "நான் புவான்கிட்ட சொல்லப் போறதில்ல. நீங்களும் மொதல்ல அங்க போகாதீங்க. அங்க போனா உங்களுக்குத்தான் ஆறுதல் கெடைக்கும். பிள்ளகிட்ட போங்க."

புவான் என்று அவர் சொன்னது எங்கள் பள்ளி முதல்வரை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த வழிகாட்டிகள் பலர். இந்த ஒரு யோசனைக்கு ஈடாக எவரும் எதுவும் சொன்னதில்லை.

படிவத்தோடு தம்போய்க்குப் போனேன். பட்டறையில் கம்ப்ரெசர் ஓடிக்கொண்டிருந்தது. தகப்பனார் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, துடைத்த நாற்காலியை மறுபடியும் துடைத்துப் போட்டார். ரெபேக்கா உள்ளே சாய டப்பாக்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் வந்து தகப்பனாரின் பக்கத்தில் நின்றாள்.

வரும் வழியில் நல்ல தமிழில் ஒரு முன்னுரை தயாரித்திருந்தேன். அது வேலைக்கு ஆகவில்லை.

"அன்னைக்கி லைன் நல்லாத்தான் இருந்துச்சி. நான்தான் இல்ல."

தகப்பனாருக்குப் புரியவில்லை. "இல்லையே சார், நீங்கதானே பேசுனீங்க? நான் கேட்டேனே."

"அது வீடியோ. முன்னாலயே எடுத்து வெச்சது. நான் வெளிய போயிட்டேன்."

"வெளிய... எங்க சார்?"

பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. மருத்துவமனை என்ற சொல் தொண்டை வரை வந்தது. "டுரியான் வாங்க" என்றேன்.

அவர் "அலமாக்" என்றார், அடக் கடவுளே என்பதுபோல். பிறகு மெதுவாக, "வீடியோவுக்கா சார் நான் கம்ப்ரெசர நிறுத்துனேன்?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே விளங்கிக்கொள்ள முயன்றுகொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் ரெபேக்கா. "செடெனாக்ல இருக்காங்கல்ல அக்கா, அவங்க ஃபோனுக்கே அந்த வீடியோ வந்திருச்சி."

"தெரிஞ்சா எங்கிட்ட ஏன்மா கேக்கல?" என்றேன் நான்.

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன் சார். நீங்க லைன்னு சொன்னீங்க. சரி, நானும் லைன்னு சொன்னேன்."

இத்தனை வார்த்தைகளை அவள் தொடர்ந்து பேசி அன்றுதான் கேட்டேன். என்ன செய்யட்டும், எப்படிச் சரிசெய்யட்டும் என்று கேட்டேன். அவள் யோசித்தாள்.

"உக்காருங்க சார். இப்ப பேசறேன்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். தகப்பனார் கம்ப்ரெசரை நிறுத்தக் கிளம்பினார்.

"வேணாம்ப்பா. ஓடட்டும். சார் கேப்பாங்க."

அவள் தன் வழக்கமான குரலில் பேசினாள். தெரிந்த ஒரு வேலையைப் பற்றிய பேச்சு. கார்களில் வெள்ளைதான் கஷ்டமான நிறம் என்றாள். ஒரே நிறுவனத்தின் வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டாம். பழைய கதவின் வெள்ளையோடு புதிய வெள்ளை சேர்கிறதா என்று கூரைக்குக் கீழே பார்த்தால் தெரியாதாம், வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்களாம். இவ்வளவும் நான் நாற்காலியின் நுனிக்கு வந்து, காதை முன்னால் நீட்டி, அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியெடுத்தது. பாதி சத்தத்தில் போனது. என் வாயில் ஒரு வாக்கியம் துடித்துக்கொண்டே இருந்தது. அதை மட்டும் நான் சொல்லக்கூடாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சரியான இடங்களில் அவள் குரலை இன்னும் கொஞ்சம் இறக்கினாள் என்றே நினைக்கிறேன். பேச்சு முடிந்தபோது என் முதுகு வியர்த்திருந்தது. பட்டறையில் வேலை செய்த மலாய்க்காரர் ஒருவர் என்ன ஏதென்று தெரியாமலே அவளுக்குக் கைதட்டினார்.

"நல்லா இருந்துச்சி" என்றேன். "கடைசியில ரெண்டு வாக்கியம் எனக்குக் கேக்கல. அது என் குறை."

அவள் கையை நீட்டினாள். "அந்த ஃபார்ம் குடுங்க சார்."

கிழித்துப்போடுவாள் என்று நினைத்தேன். மனம் லேசாயிற்று. அவள் படிவத்தை ஒரு காரின் மீது வைத்து, காரணம் என்ற இடத்தில் தகப்பனார் எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே மலாயில் எழுதினாள்: ஆசிரியர் வகுப்பில் இல்லை. சின்ன வாக்கியம். பிழை எதுவும் இல்லை.

"திருத்தத்துக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்து வேணும் சார். இல்லன்னா ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்க."

போட்டேன். முதல் கையெழுத்தைப் போல் அது சுலபமாக வரவில்லை.

"இதக் குடுத்தா நீ தமிழ் எழுத முடியாம போயிரும்மா" என்றேன்.

"நீங்க குடுங்க சார்" என்றாள்.

மாலைக்குள் பள்ளிக்குத் திரும்பி, முதல்வரிடம் நேரில் கொடுத்தேன். அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"சிக்கு, இது உண்மையா?" மலாயில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள்.

"உண்மை, புவான். கையெழுத்திட்டிருக்கிறேன்."

நடந்ததைச் சொன்னேன். டுரியானையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. படிவத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "ஆசிரியர் வகுப்பில் இல்லை என்று ஆசிரியரே உறுதிப்படுத்தியிருக்கிறார். இதை நான் எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது?" என்று கேட்டார். பிறகு அதைத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்தார். படிவம் எங்கும் போகவில்லை. படிவம் போகாததால் ரெபேக்காவின் பெயர் தமிழ்மொழிப் பட்டியலிலேயே இருந்தது. இது இப்படித்தான் முடியும் என்று காரின் மீது வைத்து எழுதும்போதே அந்தப் பெண் கணக்குப் போட்டிருந்தாளா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. கேட்கும் தைரியம் இல்லை.

அந்த வகுப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டு வேறோர் ஆசிரியருக்குக் கொடுக்கப்பட்டது. அது நியாயம்தான். எழுத்துவழி எச்சரிக்கையும் வந்தது. அதுவும் நியாயம். வகுப்பில் சிரித்தவர்கள் தாங்களாகவே அவளிடம் போய்ப் பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. அவர்களைக் கண்டிக்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை. சிரிப்பதற்கு வழி செய்துகொடுத்தவன் நான்தானே. ரெபேக்கா பேச்சுத் தேர்வில் பேசினாள், எழுத்துத் தேர்வும் எழுதினாள். என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியும். இங்கே சொல்ல மாட்டேன். அதில் பெருமைப்பட எனக்கு இடமில்லை.

பல்லூடகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படம் காட்டுங்கள், ஒலி சேருங்கள், உங்கள் பாடத்தைப் பதிவு செய்தும் கொடுங்கள். பதிவு என்றால் பதிவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வர முடியாத நாளில், இன்று நான் இல்லை என்று ஒரு வரி போடுங்கள். பிள்ளைகள் மகிழ்ச்சியாக விளையாடப் போவார்கள், ஒன்றும் கெட்டுவிடாது. நீங்கள் பேசுவதைப் பதிவு செய்யலாம். நீங்கள் கேட்பதைப் பதிவு செய்ய முடியாது. நான் முயன்று பார்த்துவிட்டேன்.

பணி ஓய்வு பெற்ற நாளில் முதல்வர் எனக்கு ஓர் உறை கொடுத்தார். அந்தக் காலத்தில் இணையக் கருத்தரங்குகளில் தலைகாட்டியவர்களுக்கெல்லாம் மின்சான்றிதழ் வந்துகொண்டிருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். புத்தாக்கக் கற்பித்தலுக்காக எனக்கு வந்த ஒன்றை அழகாக அச்செடுத்து வைத்திருந்தார். அதன் பின்னால் இன்னொரு தாள். அடித்துத் திருத்திய அந்தப் படிவம்.

"இரண்டும் உங்களுடையதுதான், சிக்கு" என்றார்.

சான்றிதழ் எங்கே போனது என்று தெரியவில்லை. படிவம் இருக்கிறது. பயிற்சியன்று கொண்டுவருகிறேன், எல்லாரும் கையில் வாங்கிப் பாருங்கள்.